செயற்கைக்கோள் இணையம்: பெருந்தொற்றுக் காலத்தில் வேகமும் தரவு வரம்பும்

செயற்கைக்கோள் இணையம் என்பது தரைவழிக் கம்பியோ கைப்பேசிக் கோபுரமோ இல்லாமல், விண்ணில் உள்ள செயற்கைக்கோள் வழியாக வீட்டுக் கூரையில் பொருத்திய கிண்ண அலைவாங்கிக்கு (பேச்சு வழக்கில் டிஷ்) இணையத் தரவைக் கொண்டுவரும் முறையாகும். சாலையும் கம்பமும் போகாத இடத்துக்கும் அது போகும். அதனால், ஊரே முடங்கும் நோய்க் காலத்தில் இதைத்தான் முதலில் நம்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2020-இன் அனுபவம் அவ்வளவு எளிதாக இல்லை. செயற்கைக்கோள் எட்டாத இடம் குறைவுதான். ஆனால் அது சுமக்கக்கூடிய தரவுக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அந்த அளவு எங்கிருந்து வருகிறது, நோய்க் காலத்தில் அது யாரைப் பாதிக்கிறது என்பதை மதுரை வட்டாரத்தின் எடுத்துக்காட்டுகளோடு இக்கட்டுரை விளக்குகிறது.

வேகம், தரவு வரம்பு, தாமதம்

இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். வேகம் என்பது ஒரு நொடியில் எத்தனை மெகாபிட் வந்து சேர்கிறது என்பது. தரவு வரம்பு என்பது ஒரு நாளிலோ மாதத்திலோ மொத்தம் எத்தனை ஜிகாபைட் பயன்படுத்தலாம் என்பது. தாமதம் என்பது நாம் அனுப்பிய கேள்விக்குப் பதில் திரும்பி வர ஆகும் நேரம். கிணற்றைக் கொண்டு சொன்னால், நீர் வரும் குழாயின் பருமன் வேகம், ஒரு வீட்டுக்கு நாளொன்றுக்கு இத்தனை குடம் என்ற கணக்கு வரம்பு, கிணறு இருக்கும் தொலைவு தாமதம்.

பிட் வேறு, பைட் வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நிறுவனங்கள் வேகத்தை பிட்டிலும் வரம்பை பைட்டிலும் சொல்வதால் கணக்கு தப்பிப் போகிறது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு காணொலி ஒரு மணி நேரம் ஓடினால் 3,600 மெகாபிட், அதாவது 450 மெகாபைட் செலவாகும்.

தாமதத்துக்கு முதன்மையான காரணம் தூரம். புவிநிலைச் சுற்றுப்பாதையில் உள்ள செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. மேலே ஏறி இறங்க ஏறத்தாழ 72,000 கி.மீ. ஒளியின் வேகத்தில் சென்றாலும் கால் நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். பதிலும் அதே வழியில் வர வேண்டும். கருவிகள் எடுத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்தால் அரை நொடிக்கு மேல் போய்விடும். திரைப்படம் பார்ப்பவருக்கு இது தெரியாது. நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும் மருத்துவருக்குத் தெரியும். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள். எவ்வளவு பணம் கட்டினாலும் இந்த அரை நொடியைக் குறைக்க முடியாது.

வரம்பு ஏன் வைக்கப்படுகிறது?

வரம்பு வைப்பது நிறுவனங்களின் பேராசை என்ற குற்றச்சாட்டு அடிக்கடி எழுகிறது. விலை நிர்ணயத்தில் அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனால் வரம்பின் வேர் இயற்பியலில் இருக்கிறது.

இந்தியாவின் ஜிசாட்-11 செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். 5,854 கிலோ எடையுள்ள இது 2018 டிசம்பர் 5 அன்று பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏவப்பட்டது. நாட்டைப் பல வட்டங்களாகப் பிரித்து 32 கற்றைகளாகத் தன் சேவையைத் தருகிறது. அதன் மொத்தத் திறன் நொடிக்கு ஏறத்தாழ 16 ஜிகாபிட். சராசரியாகப் பங்கிட்டால் ஒரு கற்றைக்கு 500 மெகாபிட். ஒரு கற்றை பல மாவட்டங்களை மூடும் அளவுக்குப் பெரியது. அந்தப் பரப்பில் ஆயிரம் இணைப்புகள் இருந்து, ஆயிரம் பேரும் ஒரே கணத்தில் தரவு கேட்டால் ஆளுக்கு அரை மெகாபிட்தான் கிடைக்கும். ஒரு நல்ல காணொலி அழைப்புக்கே அது இழுபறி.

அப்படியானால் நிறுவனம் எப்படி 10 மெகாபிட், 20 மெகாபிட் என்று விற்கிறது? எல்லோரும் ஒரே கணத்தில் கேட்க மாட்டார்கள் என்ற கணிப்பில்தான். ஒருவர் பக்கத்தைத் திறந்துவிட்டுப் படித்துக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியில் இன்னொருவரின் தரவு போகும். தரைவழி இணையமும் இப்படித்தான் இயங்குகிறது. ஆனால் தரையில் நெரிசல் கூடினால் இன்னொரு இழையை ஒளியூட்டலாம், கோபுரத்தில் இன்னொரு கருவியைப் பொருத்தலாம். விண்ணில் உள்ளதை ஏவிய பிறகு பெரிதாக்க முடியாது. புதிய செயற்கைக்கோள் வடிவமைத்து ஏவ ஆண்டுகள் ஆகும். ஜிசாட்-11-க்குப் பின் 48 ஜிகாபிட் திறனுள்ள ஜிசாட்-என்2 மேலே போனது 2024 நவம்பரில்தான். அதற்குள் ஒரு பெருந்தொற்று வந்து போய்விட்டது.

ஆகவே இருப்பதைப் பங்கிட ஒரு வழி வரம்பு. அமெரிக்காவில் ஹியூஸ்நெட் நிறுவனம் அக்காலத்தில் விற்ற திட்டங்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதிவிறக்கம் நொடிக்கு 25 மெகாபிட், பதிவேற்றம் 3 மெகாபிட். மாத ஒதுக்கீடு தீர்ந்தால் இணைப்பு அறுபடாது, வேகம் 1 முதல் 3 மெகாபிட்டாகக் குறையும். அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை பயன்படுத்தத் தனியாகக் கூடுதல் ஒதுக்கீடும் உண்டு. ஊர் தூங்கும் நேரத்தில் கற்றை காலியாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

2020 மார்ச்: கணிப்பு பொய்த்த நாட்கள்

ஊரடங்கு இந்தக் கணிப்பைத் தலைகீழாக்கியது. மாலையில் மட்டும் உயர்ந்து இறங்கும் பயன்பாடு, காலை முதல் இரவு வரை நீண்டது. அதைவிட முக்கியமான மாற்றம் பதிவேற்றத்தில் நிகழ்ந்தது. வீடுகள் அதுவரை பெரும்பாலும் வாங்கும் பக்கமாகவே இருந்தன. காணொலி வகுப்பும் அலுவலகக் கூட்டமும் தொலைமருத்துவமும் வந்ததும் அனுப்பும் பக்கமாகவும் ஆயின. செயற்கைக்கோளில் பதிவேற்றத்துக்கு ஒதுக்கப்படும் பங்கு எப்போதுமே சிறியது.

தரைவழி வலைகளும் திணறின. 2020 மார்ச் 24 அன்று இந்தியாவின் காணொலித் தளங்கள் கூடிப் பேசி, கைப்பேசி வலைகளில் படத்தின் தரத்தை 480 வரிகளுக்கு மேல் போகாமல் ஏப்ரல் 14 வரை குறைப்பதாக அறிவித்தன. அமெரிக்காவில் மார்ச் 13 அன்று தகவல் தொடர்பு ஆணையம் நிறுவனங்களிடம் ஓர் உறுதிமொழி கேட்டது. பணம் கட்டாதவரின் இணைப்பை 60 நாட்களுக்குத் துண்டிக்கக் கூடாது, தாமதக் கட்டணம் வாங்கக் கூடாது, பொது வைஃபையைத் திறந்துவிட வேண்டும் என்பவை அதன் உறுப்புகள். தரவு வரம்பைத் தளர்த்துவது அந்த உறுதிமொழிக்குள் இல்லை. ஆணையம் அதைத் தனி வேண்டுகோளாக மட்டுமே வைத்தது. கம்பிவழி நிறுவனம் வரம்பை நீக்கினால் அதற்குக் குறைவது வருமானம். செயற்கைக்கோள் நிறுவனம் நீக்கினால் அதே கற்றையில் உள்ள அடுத்த வீட்டுக்காரருக்கு வேகம் குறையும்.

இந்தியாவில் இதை முழுமையாக உணர்ந்த இடம் அந்தமான் நிக்கோபார் தீவுகள். தமிழர் கணிசமாக வாழும் இத்தீவுகளின் வெளியுலக இணையத் தொடர்பு அதுவரை செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. ஊரடங்கின் முதல் மாதங்களைத் தீவு மக்கள் அந்தக் குறுகிய வழியிலேயே கழித்தார்கள். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கும் மற்றத் தீவுகளுக்கும் மொத்தம் 2,300 கி.மீ. நீளத்தில், 1,224 கோடி ரூபாய் செலவில் போடப்பட்ட கடலடி இழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே அதன் திறன் நொடிக்கு 200 ஜிகாபிட் வீதம் இரண்டு வழிகள். மேலே சொன்ன ஜிசாட்-11-இன் மொத்தத் திறனோடு ஒப்பிட்டால் 25 மடங்கு. நாடு முழுவதற்குமான ஒரு செயற்கைக்கோளைவிட ஒரு தீவுக்கூட்டத்துக்கான ஒரு வடம் இத்தனை பெரிது.

மதுரையில் நடந்த முன்னோட்டங்கள்

மதுரைச் சமவெளியில் கோபுரங்களும் இழைகளும் இருக்கின்றன. ஆகவே நகரத்து வீட்டுக்குச் செயற்கைக்கோள் இணையம் தேவைப்படுவது அரிது. ஆனாலும் குறைந்த வேகத்தில் மருத்துவம் பார்ப்பது எப்படி என்ற கேள்விக்கு, பெருந்தொற்றுக்கு வெகு முன்பே விடை தேடிய ஊர் இது.

2001-ஆம் ஆண்டில் மேலூர் வட்டாரச் சிற்றூர்களில் இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யின் டெநெட் குழு உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா முறை இதற்குப் பயன்பட்டது. என்-லாக் நிறுவனம் மையங்களை அமைத்தது. கிடைத்த வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைய கைப்பேசி வரம்பு தீர்ந்தபின் கிடைக்கும் வேகம் அளவுதான். அதை வைத்துக்கொண்டு, மையத்துக்கு வந்தவரின் கண்ணை வெப்கேமராவில் படமெடுத்து, அறிகுறிகளையும் எழுதி, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். 100 கிலோபைட் படம் ஒன்று 35 கிலோபிட் வேகத்தில் போய்ச் சேர 23 நொடி ஆகும். மருத்துவர் பார்த்துவிட்டு, மருத்துவமனைக்கு வர வேண்டுமா வேண்டாமா என்று பதில் எழுதுவார். பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலியும் மிச்சப்படும் பதில் அது. நேரடிப் பேச்சு இல்லாததால் தாமதம் ஒரு பொருட்டாகவே இல்லை.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் மருத்துவமனை, அடுத்த கட்டமாகச் சிற்றூர்ப் பார்வை மையங்களை அமைத்தது. பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே கண்ணைச் சோதிப்பார். மருத்துவர் நகரத்திலிருந்து திரையில் நோயாளியோடு பேசுவார். இதற்கு நேரடிக் காணொலி வேண்டும். செயற்கைக்கோள் அப்போது ஒரு வாய்ப்பாக இருந்தது. இஸ்ரோவின் தொலைமருத்துவ வலையில் வழக்கமாகப் பயன்பட்ட வேகம் நொடிக்கு 384 கிலோபிட். ஆனால் தேனி மாவட்ட மையங்களுக்கு வேறு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய குழு, வீட்டில் பயன்படுத்தும் வைஃபை கருவியையே உயரமான கோபுரத்தில் ஏற்றி, நேர்முக அலைவாங்கியோடு நெடுந்தூரம் பேசவைத்தது. சாதாரண வைஃபை ஒவ்வொரு பொட்டலத்துக்கும் உடனே ஒப்புகை எதிர்பார்க்கும். தூரம் கூடும்போது அந்தக் காத்திருப்பிலேயே வேகம் போய்விடும். குழு அந்த விதியை மாற்றி, இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி செய்தது. நொடிக்கு 5 மெகாபிட் அளவில் வேகம் கிடைத்தது. மாதக் கட்டணம் இல்லை, தரவு வரம்பும் இல்லை.

இந்தக் குழு பிறகு எழுதிய ஆய்வில் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. இணைப்பு அறுந்ததற்குப் பெரும்பாலும் காரணம் அலையோ தூரமோ அல்ல, மின்சாரம். மின்னழுத்தம் எகிறிக் கருவியை எரிக்கும், அல்லது தாழ்ந்து அரைகுறையாக ஓடவைத்து நினைவகத்தைக் கெடுக்கும். சிற்றூரில் ஒரு செயற்கைக்கோள் கிண்ணம் வைத்தாலும் இதே கதைதான். விண்ணில் உள்ள பகுதி சூரிய ஒளியில் ஓடிக்கொண்டிருக்கும், கீழே மோடம் மின்வெட்டில் அணைந்து கிடக்கும். நோய்க் காலத்துக்கென்று இணைப்பு வாங்கும் ஒரு சுகாதார நிலையம் முதலில் மின்கலத்துக்குச் செலவிடுவதே சரி என்பது என் கருத்து.

மருத்துவக் கோப்புகளின் எடை

2020 ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களில் முழு ஊரடங்கு போடப்பட்டது. பலமுறை நீட்டிக்கப்பட்டு ஜூலை நடுப்பகுதி வரை அது நீண்டது. தென்மாவட்டங்களின் பெரிய அரசு மருத்துவமனையான இராஜாஜி மருத்துவமனை நகரத்துக்குள் இருக்கிறது. வெளியூர் நோயாளி வர முடியாத நிலையில் எதைத் தொலைவிலிருந்து அனுப்பலாம் என்பது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி.

விழித்திரைப் படம் ஒன்று 1 மெகாபைட் என்று கொள்வோம். 384 கிலோபிட் வழியில் 21 நொடி. மார்பு எக்ஸ்ரே 10 மெகாபைட் என்றால் மூன்றரை நிமிடம். நுரையீரல் சி.டி. ஸ்கேன் வேறு வகை. ஒரு வெட்டுப்படம் 512-க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட், ஆக அரை மெகாபைட். 300 வெட்டுகள் இருந்தால் 150 மெகாபைட். பழைய 384 கிலோபிட் வழியில் அதை அனுப்ப 52 நிமிடம் ஆகும். 3 மெகாபிட் பதிவேற்றத்தில் ஏழு நிமிடத்துக்குக் குறைவு. நாளுக்கு இருபது ஸ்கேன் என்றால் 3 ஜிகாபைட். மாதக் கடைசியில் வரம்பு எங்கே நிற்கும் என்று பாருங்கள்.

இதற்கு மாறாக, நோயாளியின் உயிர்வளி அளவு, காய்ச்சல், மூச்சு எண்ணிக்கை ஆகியவற்றை எழுத்தாக அனுப்பினால் ஒரு கிலோபைட்கூட ஆகாது. சிற்றூர்களில் உள்ள ஏ.டி.எம்.கள் பல, வீசாட் எனப்படும் சிறு கிண்ணம் வழியாகத்தான் வங்கியோடு பேசுகின்றன. ஒருமுறை பணம் எடுக்கச் சில கிலோபைட் போதும் என்பதால் அவை நெரிசலை அறிவதில்லை. 2020 மார்ச் 25 அன்று நடுவண் அரசு தொலைமருத்துவ நெறிமுறைகளை வெளியிட்டபோது, காணொலியோடு குரலையும் எழுத்தையும் ஏற்ற வழிகளாகச் சேர்த்தது. நல்ல இணைப்பு இல்லாதவருக்கு அது பெரிய உதவி. ஏப்ரல் 13 அன்று தொடங்கிய இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவையைத் தொடக்கக் காலத்தில் மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது.

மாணவரும் 2 ஜிகாபைட்டும்

2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளின் 9,69,047 மாணவருக்கு ஏப்ரல் வரை நாள்தோறும் 2 ஜிகாபைட் இலவச டேட்டா தருவதாக அறிவித்தது. இது கைப்பேசி வலைக்கான அட்டை, செயற்கைக்கோள் அல்ல. ஆனால் அந்த எண் பேசத்தக்கது. நொடிக்கு 1 மெகாபிட் வகுப்பு நான்கு மணி நேரம் நடந்தால் 1.8 ஜிகாபைட். ஒரு மாணவருக்குச் சரியாகப் போதும். அதே கைப்பேசியில் தம்பி தங்கையும் படித்தால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். ஆசிரியர் தம் கேமராவை அணைத்து, குரலும் பலகைப் படமும் மட்டும் அனுப்பினால் அதே 2 ஜிகாபைட் பல மடங்கு நீளும்.

ஒரே பாடத்தை ஆயிரம் பேர் ஆயிரம் தனித்தனி ஓடைகளாக வாங்குவது செயற்கைக்கோளுக்குச் சற்றும் ஒவ்வாத வேலை. அதற்கு இயல்பானது ஒலிபரப்பு. ஒருவர் அனுப்ப, கற்றைக்குள் உள்ள எல்லாக் கிண்ணங்களும் ஒரே அலையைக் கேட்கும். பார்ப்பவர் பத்துப் பேரானாலும் பத்து இலட்சம் பேரானாலும் விண்ணில் செலவாகும் திறன் ஒன்றே. 2004 செப்டம்பர் 20 அன்று கல்விக்கென்றே ஏவப்பட்ட எஜுசாட் இந்தக் கருத்தில் பிறந்தது. 2019 ஆகஸ்டில் தமிழ்நாடு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி, ஊரடங்கில் டேட்டா வாங்க வழியில்லாத பிள்ளைகளுக்கு எட்டியதும் ஒலிபரப்பு என்பதால்தான். கேள்வி கேட்க முடியாது என்பது அதன் குறை.

மழையும் மலையும்

அலைவெண் கூடக் கூட மழைத்துளி அலையை விழுங்குவது கூடும். பழைய சி அலைவரிசை மழையைப் பெரிதாக மதிக்காது. 12 ஜிகாஹெர்ட்ஸ் அளவில் உள்ள கேயு அலைவரிசை மங்கும். 20, 30 ஜிகாஹெர்ட்ஸில் இயங்கும் கேஏ அலைவரிசை கனமழையில் சில நிமிடம் அறுந்தே போகலாம். அப்போது மோடம் தானாகவே வேகத்தைக் குறைத்துத் தாக்குப்பிடிக்கப் பார்க்கும்.

இதில் மதுரைக்கு ஓர் அனுகூலம் உண்டு. நிலநடுக்கோட்டிலிருந்து பத்துப் பாகைக்குள் இருப்பதால் செயற்கைக்கோள் ஏறக்குறையத் தலைக்கு மேலே நிற்கிறது. 74 பாகைக் கிழக்கில் உள்ள ஜிசாட்-11 இங்கிருந்து சுமார் 77 பாகை உயரத்தில் தெரியும். மழை மேகத்தை அலை குறுக்குவாட்டில் துளைக்காமல் நேராகக் கடப்பதால் இழப்பு குறைகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய பள்ளத்தாக்குகளிலும், மேகமலை, சிறுமலை போன்ற இடங்களிலும், கோபுரத்தின் அலையை மறைக்கும் மலை செயற்கைக்கோளின் அலையை மறைப்பதில்லை. இலண்டன் போன்ற வட நகரங்களில் கிண்ணத்தை அடிவானத்தை நோக்கிச் சாய்க்க வேண்டியிருப்பதால், எதிர்வீடும் மரமும்கூடத் தொல்லை தரும்.

தாழ்வான பாதையில் புதிய வலைகள்

ஸ்டார்லிங்க் போன்ற புதிய வலைகள் ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்தில் ஆயிரக்கணக்கான சிறு செயற்கைக்கோள்களைச் சுற்றவிடுகின்றன. தூரம் குறைந்ததால் தாமதம் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரை இறங்கிவிடுகிறது. மருத்துவரும் நோயாளியும் இடறாமல் பேச முடியும். இந்தியாவில் அந்நிறுவனத்துக்கு 2025 ஜூனில் தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் கிடைத்தது.

தாமதம் தீர்ந்தாலும் பங்கீடு தீரவில்லை. தாழ்பாதையிலும் ஒரு பரப்பின் மேல் ஒரு நேரத்தில் விழும் திறன் அளவோடுதான் இருக்கிறது. ஆள் நெருக்கமில்லாத மலையூரில் நூறு வீடு பகிர்ந்தால் தாராளம். மதுரை மாநகரின் அளவுக்கு நெருக்கமான இடத்தில் வீட்டுக்கு வீடு கிண்ணம் வைத்தால் மாலை நேரத்தில் பழைய கதைதான். ஆகவே இணைப்பு வாங்கும் பள்ளியோ சுகாதார நிலையமோ விளம்பரத்தில் பெரிய எழுத்தில் உள்ள பதிவிறக்க வேகத்தைவிட, பதிவேற்ற வேகம் எவ்வளவு, வரம்பு தீர்ந்தபின் வேகம் எதுவாகக் குறையும், நெரிசல் நேரத்தில் யாருக்கு முன்னுரிமை என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது. கோப்புகளை இரவில் தானாக அனுப்பும்படி கணினியை அமைத்துக்கொண்டால், பகல் முழுவதும் அந்தக் குறுகிய வழி பேச்சுக்கு மிஞ்சும்.